பாதித் தாடியும் ஒன்பதாவது ஆளும்

எங்கள் தீயணைப்பு நிலையத்தில் காற்று மாஸ்க்கை என்னைவிட வேகமாக மாட்டுகிறவர் ஒருவரும் இல்லை. சந்தேகம் என்றால் நிலையத்துச் சுவரில் தொங்கும் மணிக்கூட்டைக் கேளுங்கள். சிலிண்டரை முதுகில் ஏற்றி, மாஸ்க்கை முகத்தில் வைத்து, வாரை இழுத்து, குழாயைக் கையால் அடைத்து ஒருமுறை உறிஞ்சிப் பார்க்க வேண்டும். மாஸ்க் தோலோடு ஒட்டிக்கொண்டால் சரி, வெளிக் காற்று உள்ளே வராது. இதெல்லாம் முடித்து நான் பெருவிரலைத் தூக்கும்போது என்னிலும் முப்பது வயது குறைந்தவர்கள் வாரைத் தேடிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு வயது அறுபத்துமூன்று. படித்தது ஐந்தாம் வகுப்பு.

நாங்கள் தொண்டர்கள். மெல்பேணின் தென்கிழக்கு ஓரத்தில், வீடுகள் முடிந்து மரக்கறித் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் எங்கள் நிலையம் இருக்கிறது. சம்பளம் கிடையாது. இடுப்பில் பேஜர் அடித்தால் செய்கிற வேலையைப் போட்டது போட்டபடி விட்டு ஓட வேண்டும். எங்கள் கப்டன் ஒரு பெண், தொழில் குழாய் வேலை. இன்னொருவர் பள்ளிக்கூட ஆசிரியர். இன்னொருவர் ரோசாக் கன்று வளர்த்து விற்கிறவர்.

இவர்களை நான் முதன்முதல் கண்டது என் யார்ட் எரிந்த அன்று. சரக்கு அடுக்கும் மரப் பலட்டுகளைத் திருத்தி விற்கும் யார்ட் எனக்கு இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்து முதலில் கோழி வெட்டினேன். பிறகு ஒரு கிரேக்கரின் யார்டில் பலட்டுக்கு ஆணி அடித்தேன். பிறகு அந்தக் கிரேக்கரின் யார்டையே வாங்கினேன். வாங்கிய மூன்றாம் கோடையில் ஒரு மூலை பற்றிக்கொண்டது. முன்பின் தெரியாத ஆட்கள் வந்து என் பலட்டுகளுக்காகப் புகையில் நின்று இருமினார்கள். அணைத்து முடிந்ததும் ரோசாக்காரர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், பாதி யார்டைத்தான் காப்பாற்ற முடிந்தது என்று. அடுத்த கிழமையே போய்ச் சேர்ந்துகொண்டேன்.

ஆபத்தான இரசாயனங்களுக்கென்று தனிப் பயிற்சி உண்டு. அதில் எழுத்துச் சோதனை. எனக்கு ஆங்கிலம் பேச வரும், எழுத வராது. வாயால் சொல்கிறேன் என்று கேட்டேன், சம்மதித்தார்கள். அமோனியாவைப் பற்றிச் சொல் என்றார் பரீட்சகர். சிரித்தேன். யாழ்ப்பாணத்தில் மீனுக்கு ஐஸ் போடும் பக்டரியில் பதினான்கு வயதில் இருந்து வேலை செய்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? அமோனியா ஈரத்தைத் தேடிப் போகும் என்றேன். கண்ணுக்குப் போகும், தொண்டைக்குப் போகும், வியர்த்த கக்கத்துக்குப் போகும், சொல்லக் கூடாத இடத்துக்கும் போகும். காற்றில் நிற்கும் ஆவியைத் தண்ணீர் குடித்துவிடும், ஆனால் நிலத்தில் குட்டையாகக் கிடப்பதில் தண்ணீரை அடித்தால் பொங்கி எழும். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இப்படிப்பட்ட என்னை மாஸ்க் மாட்ட விடாமல் ஒரு கோடையில் ஒரு மாதத்துக்கு மேல் வெளியே நிறுத்தியது என்னுடைய தாடிதான்.

அதற்கு முந்திய குளிர்காலத்தில் என் மனைவிக்கு நெஞ்சில் ஒப்பரேசன் நடந்தது. வெளியே கதிரையில் இருந்தபடி நேர்த்தி வைத்தேன்: இவள் நல்லபடி எழும்பினால் நாற்பத்தொரு நாள் மாலை போட்டு விரதம் இருப்பேன், ஐயப்பா. எழும்பினாள். எழும்பி முதலில் கேட்டது, "ஏன் உங்கட சேட் இப்பிடிக் கசங்கிக் கிடக்கு?" டிசம்பர் தொடக்கத்தில் மாலை போட்டேன். மாலை போட்டவன் சவரம் செய்யக் கூடாது. மாஸ்க் போடுகிறவன் சவரம் செய்யாமல் இருக்கக் கூடாது. தாடி மயிர் ஊடாகக் காற்று உள்ளே போய்விடும்.

ஞாயிறு காலைப் பயிற்சியில் கப்டன் என் முகத்தைப் பார்த்தாள். அவள் பேசியது ஆங்கிலம், எனக்கு விளங்கிய தமிழில் எழுதுகிறேன்; எல்லாரையும் அவள் கூப்பிடுகிற 'மேட்' மட்டும் அப்படியே.

"மேட், இதென்ன முகத்தில?"

"விரதம். நாற்பத்தொரு நாள்."

"கிறிஸ்மஸ் தாத்தா வேலை எடுத்திருக்கிறாராக்கும்," என்றார் ஆசிரியர்.

"உன் கடவுளோட எனக்குச் சண்டை இல்லை," என்றாள் கப்டன். "ஆனா மாஸ்க்குக்குக் கடவுள் தெரியாது. தாடி போகும்வரைக்கும் நீ பம்ப் பார், உள்ள போறவங்கட நேரம் எழுது, வெளிய வாறவங்களைக் கழுவு. உள்ள போக ஏலாது."

"இந்த நிலையத்தில நான்தான் வேகம்."

"தெரியும். நாளுக்கு மூண்டு தரம் நீயே சொல்லுறாய்."

அவளோடு வாதாடிப் பயன் இல்லை. ஒரு மாதம் நான் பம்ப் பார்த்தேன், ஆட்களைக் கழுவினேன். அதிலும் நான்தான் வேகம்.

முப்பத்துமூன்றாம் நாள், ஜனவரி, இங்கே நடுக் கோடை. வடக்கிலிருந்து சூடான காற்று அடித்தது. யார்டில் வெயிலில் கிடந்த ஆணிப் பெட்டியைத் தொட முடியவில்லை. பின்னேரம் மூன்றரை அளவில் காற்று தெற்குக்கு மாறும், பிறகு குளிரும் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டே முக்காலுக்குப் பேஜர் அடித்தது. எங்கள் வண்டியில் ஐந்து பேர்: கப்டன், ஆசிரியர், ரோசாக்காரர், வண்டி ஓட்டிப் பம்ப் பார்க்கும் ஒரு பெண், நான்.

இடம், கீரையும் கரட்டும் கழுவிப் பையில் அடைக்கும் ஒரு பெரிய ஷெட். அதன் குளிர் அறைகளுக்கு அமோனியா ஓடுகிறது. வண்டி காற்று வரும் பக்கமாக, வடக்கில் வெகு தூரத்தில் நின்றது. கதவைத் திறந்ததும் ஒரு சின்ன வாடைதான் வந்தது, மூக்குக்குள் ஊசி நுனி பட்டது போல. "அமோனியா," என்றேன். யாரும் வாயு அளக்கும் கருவியை எடுக்கும் முன்னரே சொன்னேன். ஷெட்டின் தெற்குப் பக்கத்தில் இயந்திர அறைக் கதவு வழியாக வெள்ளையாக ஆவி ஊர்ந்துகொண்டிருந்தது.

மேற்பார்வையாளர் கையில் பட்டியலோடு ஓடி வந்தார். பட்டியலில் எட்டுப் பேர். வடக்குப் புல்தரையில் எட்டுப் பேர். கப்டன் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாள். உள்ளே ஆள் இல்லை என்றால் அவசரம் இல்லை. வீதியை மூடு, தள்ளி நில், முழு உடம்பையும் மூடும் வாயு உடுப்போடு வருகிற நகரத்து ஆட்களுக்காகக் காத்திரு. அவர்கள் வர முக்கால் மணி நேரம். அவள் முடிவு சரி. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

எனக்குக் கிடைத்த வேலை புல்லில் இருந்தவர்களின் கண்ணையும் முகத்தையும் கழுவி விடுவது. எட்டுப் பேரில் ஐந்து பேர் எங்கட தமிழ் ஆட்கள். நான் தண்ணீர்க் குழாயோடு கிட்டப் போனதும் ஐந்து பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். யூனிபோம் கண்டால் அப்படிப் பார்க்கிற ஆட்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு காலம் அப்படிப் பார்த்தவன்தான். ஹெல்மெட்டைக் கழற்றினேன். தாடி, நெற்றியில் திருநீறு, கழுத்தில் மாலை. அவர்களில் மீசை வைத்த ஒருவர் தன்னை அறியாமலே எழும்பிவிட்டார்.

"சாமி சரணம்! சாமி, நீங்கள் இதுக்குள்ள...?"

"ஏன், சாமிமார் நெருப்பு அணைக்கக் கூடாதோ? முகத்தைக் காட்டுங்கோ."

ஒவ்வொருவராகக் கழுவினேன். "எல்லாரும் வெளியில வந்திட்டியளோ?"

"ஓம், ஓம்," என்றார்கள். ஒரு பெண் மட்டும் சொல்லவில்லை. நாற்பது வயது இருக்கும். நான் அவள் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறேன், அவள் தலையைத் திருப்பித் திருப்பி ஷெட்டையே பார்க்கிறாள்.

"தங்கச்சி, நீங்கள் சொல்லேல்லை."

"எட்டுப் பேர்தானே. லிஸ்ட்டில இருக்கு."

"நான் லிஸ்ட்டைக் கேக்கேல்லை. உள்ளுக்கு ஆரும் நிக்கினமோ?"

மீசைக்காரர் இடையில் வந்தார். "சாமி, அதை விடுங்கோ. அவர் பின்பக்கத்தால போயிருப்பார்."

"எவர்?"

 மீசைக்காரர் தன் வாயைத் தானே அடித்துக்கொள்பவர் போல நின்றார். நான் மாலையைக் கையில் பிடித்தேன்.

"மாலை போட்ட ஆளிட்டைப் பொய் சொல்லாதையுங்கோ. நான் இமிகிரேசன் இல்லை. பலட் வித்துச் சாப்பிடுறவன்."

அந்தப் பெண் என் தாடியைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள். பிறகு மளமளவென்று கொட்டினாள்.

"என்ர அவர், சாமி. அவருக்கு வேலை செய்யிற அனுமதி முடிஞ்சு போச்சு, புதுசு இன்னும் வரேல்லை. எங்களை வேலைக்குக் கூட்டி வாற கொன்ராக்ரர் லிஸ்ட்டில போடாமல் வைச்சிருக்கிறார். ஆரும் செக்கிங் வந்தால் மட்டைப் பெட்டி அடுக்கிற அறைக்குள்ள போய்க் கொளுக்கி போட்டிடுவார். நான் போய் மூண்டு தரம் தட்டினால்தான் திறப்பார். வேற ஆர் தட்டினாலும் மூச்சும் விடமாட்டார்."

"இண்டைக்கு?"

"சைரன் அடிச்ச உடன ஆரோ செக்கிங், செக்கிங் எண்டு கத்தினவை. அது இந்தச் சைரன் எண்டு எங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது? மணம் வந்த பிறகுதான் நாங்கள் ஓடி வந்தனாங்கள். அவர் அதுக்கு முதலே போயிட்டார். மணம் வர அவரும் பின்பக்கத்தால ஓடியிருப்பார் எண்டு... அவற்ர போன் என்ர பைக்குள்ள கிடக்கு, சாமி." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னால் விசா போயிடுமோ?"

"முதல் ஆள் வெளியில வரட்டும். பெட்டி அறை எந்தப் பக்கம்?"

காட்டினாள். வடக்குச் சுவர். நல்ல காலம், காற்று வரும் பக்கம். ஆனால் அந்த அறைக்கு இருக்கிற ஒரே கதவு ஷெட்டுக்குள்ளேதான் திறக்கிறது, இயந்திர அறையில் இருந்து ஆவி வரும் நடையில்.

அறுபத்துமூன்று வயதில் நான் அன்று ஓடிய ஓட்டத்தை யாராவது படம் பிடித்திருக்க வேண்டும். கப்டனிடம் சொன்னேன். அவள் மேற்பார்வையாளரைப் பார்த்தாள். அவர் பட்டியலைப் பார்த்தார்.

"எட்டுப் பேர்தான். வேற ஒருத்தரும் இல்லை."

கப்டன் என்னைப் பார்த்தாள். "மேட், உனக்கு நிச்சயமா?"

"நிச்சயம்."

மேலே ஒரு கேள்வி கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. பட்டியல் வைத்திருந்தவரின் பேச்சை விட்டு என் பேச்சை எடுத்துக்கொண்டாள்.

ஆனால் எங்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. மாஸ்க்கோடு இரண்டு பேர் உள்ளே போனால், அவர்களுக்கு ஒன்று நடந்தால் இழுத்து எடுக்க மாஸ்க்கோடு இன்னும் இரண்டு பேர் வாசலில் ஆயத்தமாக நிற்க வேண்டும். நான்கு பேர். ஆசிரியர் ஒன்று, ரோசாக்காரர் இரண்டு. பம்ப்பைக் கப்டன் பார்த்தால், பம்ப்காரப் பெண் மூன்று. நாலாவது முகம் என்னுடையது, அதில் முப்பத்துமூன்று நாள் தாடி.

"அடுத்த ஊர் வண்டி எத்தனை நிமிசம்?" என்று கப்டனைக் கேட்டேன்.

"எட்டு."

எட்டு நிமிடத்தில் அமோனியா என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நின்று யோசித்தேன் என்று சொன்னால் பொய். மருந்துப் பையைத் திறந்தேன். நின்றுபோன நெஞ்சுக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டி ஒன்று அதில் இருக்கிறது, அதற்குள் நெஞ்சு மயிரை மழிக்க ஒரு பிளாஸ்டிக் ரேசர் வைத்திருப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு வண்டியின் பக்கக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். முகத்தில் குடிநீர்ப் போத்தலை ஊற்றினேன். ஐயப்பா, நீயும் நானும் பிறகு கதைப்போம் என்று சொல்லிவிட்டு இடது கன்னத்தில் வைத்து இழுத்தேன்.

சவர்க்காரம் இல்லாமல், ஒரு மாதத் தாடியை, மலிவு ரேசரால் மழித்துப் பாருங்கள். கோழி பக்டரியில் நாங்கள் கோழிக்குக்கூட முதலில் சுடுதண்ணீர் காட்டுவோம். இரத்தம் கழுத்துக்கு வழிந்தது. இடது கன்னம் முடிந்து நாடிக்கு வரும்போது சைரன் கேட்டது. அடுத்த ஊர் வண்டி எட்டு நிமிடம் என்றது ஐந்தில் வந்துவிட்டது. நாலு பேர் குதித்தார்கள், நாலு பேரும் மழமழவென்று மழித்த முகம்.

"நிப்பாட்டு, மேட்!" கப்டன் என் கையில் இருந்த ரேசரைப் பிடுங்கினாள். "ஆட்கள் வந்தாச்சு. உனக்கு வேற வேலை. கொளுக்கி போட்டிருக்கிற மனிசன் மாஸ்க் போட்ட ஆட்களுக்குத் திறக்க மாட்டான். கதவை உடைச்சால் இன்னும் உள்ள போய் ஒளிப்பான். அவனோட நீ கதை."

ஆசிரியரும் ரோசாக்காரரும் மாஸ்க் மாட்டத் தொடங்கினார்கள். அடுத்த ஊர்க்காரர் ஒருவர் வாயு அளக்கும் கருவியோடு எனக்கு முன்னால் நடந்தார். வடக்குச் சுவரடியில் கருவி ஒன்றும் காட்டவில்லை. புறப்படும்போது அந்தப் பெண்ணைக் கேட்டேன், அவருக்கு என்ன சொல்ல வேணும், நான் பொய் ஆள் இல்லை என்று அவர் எப்படி நம்புவார் என்று. ஒரு கணம் யோசித்தாள்.

"நாலரைக்குப் பிள்ளையளை நீச்சல் வகுப்பால எடுக்க வேணும் எண்டு சொல்லுங்கோ."

பொறி பறக்கக் கூடாது என்பதால் இரும்பால் தட்ட முடியாது. கை முட்டியால் மூன்று தரம் தகரச் சுவரில் குத்தினேன். சத்தம் இல்லை. இன்னொரு மூன்று. சத்தம் இல்லை. மார்க்கட்டில் லொறிக்காரர்களோடு கத்திப் பழகிய தொண்டை என்னுடையது, அதைத் திறந்தேன்.

"அண்ணை! இது செக்கிங் இல்லை! அமோனியா லீக்! உங்கட மனிசி வெளியில நிக்கிறா! நாலரைக்குப் பிள்ளையளை நீச்சலால எடுக்க வேணுமாம்!"

உள்ளே எங்கோ ஒரு பெட்டி விழுந்தது. பிறகு தகரத்தில் மூன்று தட்டு.

 சுவரில் காதை வைத்தேன். இருமல் கேட்டது.

"ஆர் நீங்கள்?"

"தீயணைப்பு."

"தமிழோ?"

"ஓம், தமிழ். அதை ஆறுதலாக் கதைப்பம். கண் எரியுதோ?"

"எரியுது. தொண்டையும்."

"தண்ணி இருக்கோ?"

"குடிக்கிற போத்தில் இருக்கு."

"சேட்டைக் கழட்டி நனைச்சு முகத்தை மூடுங்கோ. கதவுக்குக் கீழ மட்டைப் பெட்டியை மடிச்சு அடையுங்கோ. சுவரோட வந்து இருங்கோ. இரண்டு பேர் வருவினம், பேய் மாதிரி இருப்பினம், பயப்பிடாதேங்கோ. மூண்டு தரம் தட்டுவினம். அப்ப கொளுக்கியை எடுங்கோ."

"மனிசி உண்மையா வெளியிலயோ?"

"இல்லாட்டி நீச்சல் வகுப்பு எனக்கு எப்பிடித் தெரியும்?"

வானலைக் கருவியில் கப்டனுக்குச் சொன்னேன்: உயிரோடு இருக்கிறார், கதவில் மூன்று தட்டு, மூன்றே மூன்று. ஆசிரியரும் ரோசாக்காரரும் உள்ளே இறங்கினார்கள். அடுத்த ஊர்க்காரர்கள் வாசலில் தண்ணீரைப் பனிப்புகார் போல விசிறினார்கள், ஆவியைக் குடிக்கட்டும் என்று. நான் போயிருக்க வேண்டிய இடம் அது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நான் அந்த மனிதரைக் கதையில் பிடித்து வைத்திருந்தேன். எத்தனை பிள்ளைகள், எந்த நீச்சல் குளம், மூத்தது ஆழத்துக்குப் போகுதோ. ஒவ்வொரு பதிலுக்கும் இருமல் கூடிக்கொண்டே வந்தது.

வேலி ஓரத்து யூகலிப்டஸ் மரங்கள் திடீரென்று அசையாமல் நின்றன. மெல்பேணில் இருக்கிறவர்களுக்கு அது விளங்கும். வடக்குக் காற்று முடிந்துவிட்டது, தெற்குக் காற்று வரப் போகிறது. வந்தால் அந்த வெள்ளை ஆவி முழுவதும் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வரும்.

"மேட், திரும்பி வா," என்றது வானலைக் கருவியில் கப்டனின் குரல்.

"அண்ணை, நான் கொஞ்சம் தள்ளிப் போறன். தட்டினால் திறவுங்கோ. மூண்டு!"

பதில் வரவில்லை. வாயுக் கருவி வைத்திருந்தவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். அந்த நேரம் குளிர்ந்த காற்று முதுகில் பட்டது, கூடவே மணமும். ஈரத்தைத் தேடிப் போகும் என்று பரீட்சகருக்கு நான் சொன்னேனே, அது தேடி வந்தது ரேசர் வெட்டிய என் இடது கன்னத்தை. நெருப்புக் கொள்ளியை வைத்தது போல இருந்தது. ஓடினேன். இதை நான் மறைக்க மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஓடினேன்.

புல்லில் இருந்தவர்களையும் வண்டிகளையும் அதற்குள் மேற்குப் பக்கம் மாற்றியிருந்தார்கள். அந்தப் பெண் ஓடி வந்தாள்.

"தட்டினவரோ?"

"தட்டினவர். மூண்டு தரம்."

"இப்ப?"

"இப்ப எனக்குத் தெரியாது, தங்கச்சி."

அவள் புல்லில் இருந்துவிட்டாள். மீசைக்காரர் "சாமியே" என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றார். நான் நேரம் எழுதும் பலகையைப் பார்த்தேன். உள்ளே போனவர்களின் சிலிண்டரில் பாதிக் காற்று போயிருக்கும். அந்த நாலு நிமிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

பிறகு தண்ணீர்ப் புகாருக்குள் இருந்து மூன்று உருவங்கள் வந்தன. நடுவில் இருந்தது நடந்து வந்தது. முகத்தில் ஈரச் சேட்.

கழுவும் வரிசை என்னுடையது. பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். அமோனியா பட்ட உடுப்பு உடம்பில் நிற்கக் கூடாது, எல்லாவற்றையும் கழற்றிப் பைக்குள் போட்டுப் பெயர் எழுதிக் கட்ட வேண்டும். கண்ணுக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டே, "உடுப்பைக் கழட்டுங்கோ, அண்ணை," என்றேன். அவர் கால்சட்டையின் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் அவருடைய கடதாசிகள். அந்த நிலையிலும் அதை விடவில்லை.

"உங்களிட்டையே இருக்கும். ஆரும் எடுக்க மாட்டினம். பை மேல பேர் எழுத வேணும்."

அவர் தலையை ஆட்டி மறுத்தார். சரி என்று '9' என்று எழுதிக் கட்டினேன்.

கண் கொஞ்சம் தெளிந்ததும் அவர் முதன்முறையாக என்னைப் பார்த்தார். ஒரு பக்கம் ஒரு மாதத் தாடி, மறுபக்கம் இரத்தம், நடுவில் திருநீறு, கீழே மாலை.

"அண்ணை," என்றார் கரகரத்த குரலில், "உங்கட முகத்துக்கு என்ன நடந்தது?"

"நீங்கள்தான் நடந்தது," என்றேன்.

ஆட்கள் கிட்ட வராமல் கட்டியிருந்த நாடாவுக்கு அப்பால் நின்ற அவர் மனைவிக்குச் சிரிப்பு வெடித்தது, அதே மூச்சில் அழுகையும். அம்புலன்ஸ்காரப் பெண் பலகையோடு வந்து பெயர் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்ல என்ன இருக்கிறது? அது அவருடைய பெயர். அப்போது மனைவி நாடாவுக்கு அப்பால் இருந்து, மேற்பார்வையாளருக்கும் கேட்கும்படி, அவருடைய முழுப் பெயரையும் தகப்பன் பெயரோடு சேர்த்துச் சத்தமாகச் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாக ஆங்கிலத்திலும் சொன்னாள். அம்புலன்ஸ்காரி எழுதினாள். நான் இங்கே எழுதவில்லை.

பிள்ளைகளை நீச்சல் வகுப்பிலிருந்து மீசைக்காரர் போய் எடுத்தார். நாலரைக்குச் சரியாக.

அவர் இரண்டு இரவு ஆஸ்பத்திரியில் இருந்தார். கண்ணுக்குச் சேதம் இல்லை. கப்டன் தன் அறிக்கையில் 'ஒன்பது தொழிலாளர்கள்' என்று எழுதினாள். கொன்ராக்ரரைத் தேடிச் சோதனைக்காரர் வந்ததாகக் கேள்வி. வழக்கறிஞர் ஒருவர் அந்த மனிதருக்காகக் கடிதம் போட்டார். அனுமதி இன்னும் வரவில்லை, ஆனால் அவரை யாரும் பிடித்துக்கொண்டு போகவும் இல்லை. அனுமதி வந்த அன்றைக்கே என் யார்டில் வேலை இருக்கிறது என்று அவர் மனைவியிடம் சொல்லி விட்டிருக்கிறேன். நான் சொன்னால் சொன்னதுதான்.

எனக்கு இருந்த கவலை வேறு. விரதம் முடிய இன்னும் எட்டு நாள். மிச்சத் தாடியை எடுக்கிறதா, விடுகிறதா? குருசாமிக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"சாமி, எடுத்த பாதி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போயிட்டுது. மிச்சத்தில கை வையாதேங்கோ."

எட்டு நாள் பாதித் தாடியோடு திரிந்தேன். யார்டில் லொறிக்காரர்கள் வலப்பக்கம் வந்து ஒரு படம், இடப்பக்கம் வந்து ஒரு படம் எடுத்தார்கள். கடைக்குப் போனால் என் மனைவி, "கொஞ்சம் தள்ளி நடவுங்கோ, ஆக்கள் பாக்கினம்," என்றாள். இவளுக்காக வைத்த நேர்த்தி!

மகரஜோதி அன்று கேரம் டவுன்ஸ் கோயிலில் பூசை முடிந்து சாப்பாட்டுக்கு இருந்தோம். சாம்பார் வாளியோடு ஒருவர் வரிசையில் வந்தார். வெள்ளை வேட்டி, கண் இன்னும் கொஞ்சம் சிவப்பு. எனக்கு முன்னால் நின்றார். என் முகத்தைப் பார்த்தார், பாதிப் பாதியாக.  அகப்பையால் வாளியின் விளிம்பில் மூன்று தரம் தட்டினார். பிறகு என் இலையில் இரண்டு அகப்பை சாம்பார் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

அடுத்த நாள் காலை சுடுதண்ணீர், சவர்க்காரம் எல்லாம் வைத்து மழித்து நிலையத்துக்குப் போனேன். கப்டன் மாஸ்க்கை நீட்டி மணிக்கூட்டைப் பார்த்தாள். பழைய நேரத்திலும் இரண்டு விநாடி குறைவு. அந்த மருந்துப் பையில் இப்போது இரண்டு ரேசர் இருக்கிறது, கூடவே ஒரு சின்னச் சவர்க்கார ரியூப்பும். அதை ஒருவரும் பட்டியலில் எழுதவில்லை.

அகப்பைச் சத்தத்தைப் பற்றி மட்டும் எனக்கும் மனைவிக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. அவர் தட்டியது இரண்டு தரம்தான் என்கிறாள், பக்கத்து இலையில் இருந்தவளாம், பார்த்தவளாம். தகரச் சுவரில் காது வைத்துக் கேட்டவன் நான். மூன்று.